162 எடுத்த பிள்ளைக்கு ஐகியூ எவ்வளவு?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த வாரத்தில் இலங்கை மலைநாட்டின் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், ஐகியூ என்ற சொல் எப்படியும் காதில் விழுந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு ஐகியூ கூடவாம், இவனுக்கும் இருக்காம் ஆனால் விளையாட்டுப் புத்தியாம், ஏதோ இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிற மாதிரி பேசுவார்கள். ஒரு அப்பா என்னிடம் வந்து, "டீச்சர், மகனுக்கு ஐகியூ 162" என்றார். 162 என்பது அவன் 200க்கு எடுத்த புள்ளி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் லட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டிக்கொண்டு நிற்கிறார், அந்த நேரத்தில் புள்ளிவிவரம் பேச யாருக்கு மனசு வரும்?

அதற்கப்புறம் எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் ஃபோனில் வந்த ஐகியூ டெஸ்ட் ஒன்றைச் செய்துவிட்டு, முடிவைப் பார்ப்பதற்கென்று காசும் கட்டி, 138 என்று தங்க நிறத்தில் ஒரு சான்றிதழைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவனோடு கொழும்பில் வேலை செய்கிற கூட்டாளிமாருக்கும் எல்லாம் 130க்கு மேல்தானாம். ஒருத்தனுக்குக்கூட 95 வரவில்லையா தம்பி என்று கேட்டேன், பதில் இல்லை. காசு கட்டினவனுக்கு 95 என்று காட்டினால் அவன் அந்த லிங்கை இன்னொருத்தனுக்கு அனுப்புவானா என்ன.

சரி, அந்த எண் உண்மையில் என்னதான் சொல்கிறது என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் கணிதம் படிப்பிக்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி வருஷா வருஷம் என்னிடம்தான் வருகிறது.

தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற மடுவத்துத் தராசு 18 கிலோ காட்டினால் அது 18 கிலோதான், பக்கத்து நிரையில் நிற்கிற அக்கா எவ்வளவு பறித்தாள் என்பதோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஐகியூ அப்படி நிறுத்துச் சொல்கிற எண்ணே இல்லை. அதே வயதுள்ள பெருந்தொகையானவர்களுக்கு அதே டெஸ்டைக் கொடுத்து, அவர்களுடைய சராசரிக்கு 100 என்று பெயர் வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் 15 புள்ளிக்கு ஒரு படி என்று பிரித்து, அந்த வரிசையில் நீங்கள் நிற்கிற இடத்தைச் சொல்வது, அவ்வளவுதான். 85க்கும் 115க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். 130க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேர். 145க்கு மேல் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். ஆகவே 140 எடுத்தவருக்கு 70 எடுத்தவரைவிட இரண்டு மடங்கு மூளை என்று கணக்குப் போட முடியாது. அதோடு ஒரே பிள்ளை வேறொரு நாளில் அதே மாதிரி டெஸ்டைச் செய்தால் நாலைந்து புள்ளி ஏறும், இறங்கும், அதனால் 128க்கும் 131க்கும் இடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. உளவியலாளர்கள் வழக்கமாகப் பாவிக்கிற வெக்ஸ்லர் டெஸ்டின் அட்டவணை 160ஓடு நின்றுவிடும். லட்டுக்கார அப்பாவின் மகன் அட்டவணையைத் தாண்டிப் போய்விட்டான்.

இதை முதலில் செய்தவர் யார், எதற்குச் செய்தார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பிரான்சில் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு, வகுப்பில் பின்தங்குகிற பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்ற பிரச்சினை அரசாங்கத்துக்கு வந்தது. அல்ஃபிரட் பினே என்பவரும் தியோடர் சிமோன் என்பவரும் 1905ல் அதற்காக ஒரு டெஸ்ட் தயாரித்தார்கள். யாருக்கு உதவி தேவை என்று பார்ப்பதற்கு. யார் மேதை என்று பட்டம் கட்டுவதற்கு அல்ல. பிள்ளையின் அறிவு இவ்வளவுதான், இனி மாறாது என்று இந்த அளவை வைத்துச் சொல்பவர்களோடு பினேக்கு உடன்பாடே இருக்கவில்லை. பயிற்சியால் கூட்டலாம் என்று சொல்லி, அதற்கான பயிற்சிகளையும் எழுதினார். அவர் 1911ல் இறந்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷம்தான் வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் மன வயதை உண்மையான வயதால் வகுக்கிற கணக்கைக் கொண்டுவந்தார், ஐகியூ, அதாவது நுண்ணறிவு ஈவு என்ற பெயர் அந்த வகுத்தலில் இருந்து வந்தது. இப்போது யாரும் அப்படி வகுப்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் ஐகியூ எல்லாம் சும்மா ஏமாற்று வேலை என்று சொல்லிவிடலாமா? நம்ம ஆட்களில் கொஞ்சம் படித்தவர்கள் அப்படிச் சொல்வதுண்டு, கேட்க நன்றாகவும் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1ஆம் திகதி, 1921ல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும், 87,000க்கு மேற்பட்டவர்களுக்கு, ஒரே நாளில் ஒரே டெஸ்டைக் கொடுத்தார்கள். அந்தப் புள்ளிகளை எழுதிய பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இயன் டியரி என்ற ஆய்வாளரும் அவருடைய ஆட்களும் அந்தப் பிள்ளைகளில் உயிரோடிருந்தவர்களைக் கிழவன் கிழவியாகத் தேடிப் பிடித்து அதே டெஸ்டைத் திரும்பச் செய்ய வைத்தார்கள். 11 வயதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் 77 வயதிலும் முன்னால்தான் நின்றார்கள். 11 வயதில் கூடுதலாக எடுத்தவர்கள் 76 வயதுவரை உயிரோடிருக்கிற வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. சும்மா எண் இப்படி வேலை செய்யாது. புதிய விஷயத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வது, ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்தை மனதில் ஏந்திக்கொண்டு கணக்குப் பார்ப்பது, வடிவங்களுக்கிடையில் உள்ள விதியைக் கண்டுபிடிப்பது, இவை ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன, இப்படித் திறமைகள் சேர்ந்து போவதைப் பள்ளிப் பாடங்களை வைத்து 1904லேயே சார்ள்ஸ் ஸ்பியர்மன் என்ற உளவியலாளர் காட்டினார். பள்ளிக்கூடப் பரீட்சையில் யார் நன்றாகச் செய்வார்கள் என்று அந்த எண் ஓரளவு சொல்லும். ஓரளவு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் அம்மாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர், அந்தக் காலத்தில் ஒரு வாத்தியார் ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்பையும் வைத்துக்கொண்டு நடத்தினார், அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். அம்மாயி முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுந்த நாள், பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்ட நாள், கூடுதல் கிலோ, சாக்குக்குக் கழித்தது, எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்து சம்பளத்தன்று சம்பளத் துண்டில் உள்ள பிழையை நின்ற இடத்தில் சொல்வார். கணக்கப்பிள்ளை எந்திரத்தைத் தட்டிப் பார்ப்பார், அம்மாயி சொன்னதுதான் சரியாக இருக்கும். இந்தக் கதையை நான் எங்கு சொன்னாலும், "பாருங்கள், அது படிப்பறிவு இல்லை, அனுபவ அறிவு" என்று யாராவது தலையை ஆட்டுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். அனுபவம் அதே மலையில் அதே வருஷங்கள் நின்ற எல்லோருக்கும் இருந்தது, ஆனால் எல்லோரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. அம்மாயிக்கு இருந்தது டெஸ்ட் அளக்கிற அதே சாமான்தான், அசல் நுண்ணறிவு, யாரும் வந்து அளக்கவில்லை, அளந்திருந்தாலும் அனுப்புவதற்கு ஒரு நாலாம் வகுப்பு பக்கத்தில் இருக்கவில்லை. நமக்கு மட்டும் அனுபவ அறிவு, டவுன்காரனுக்குப் புத்தி என்று பிரித்துவைக்கிற இந்தப் பாராட்டு யாருக்கும் வேண்டாம்.

அளக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கும் வருவோம். அமெரிக்கப் படையில் 1917ல் இருந்து 17 இலட்சம் பேருக்கு நுண்ணறிவு டெஸ்ட் வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி, கிறிஸ்கோ என்பது என்ன, மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிறிஸ்கோ அந்த நாட்டுக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. கப்பலில் வந்து இறங்கி ரெண்டு வருஷமான இத்தாலிக்காரனுக்கு அது எங்கே தெரியும்? வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று படங்களோடு ஒரு தாள் வைத்தார்கள், அதிலும் வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி எது குறைகிறது என்று கேட்டார்கள். அந்த முடிவுகளை வைத்து கார்ல் பிரிகாம் என்பவர் தெற்கு, கிழக்கு ஐரோப்பாக்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று 1923ல் ஒரு புத்தகமே எழுதினார், 1930ல் அதெல்லாம் அடித்தளமே இல்லாத முடிவு என்று அவரே திரும்பப் பெற்றார்.

நமக்கு அது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். தரம் 5 பரீட்சையின் ஒரு பகுதி முழுக்க இந்த மாதிரி நுண்ணறிவுக் கேள்விகள்தான், அதற்காக வெளியாட்கள் அடித்து விற்கிற மாதிரித்தாள் ஒன்றில் நகரும் படிக்கட்டின் படம் இருந்தது, எங்கே காணலாம் என்று கேள்வி. என் வகுப்புப் பிள்ளைகள் பலர் தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, என்று எழுதினார்கள். ஸ்டோருக்குள் கொழுந்தை மேலே ஏற்றுகிற பெல்ட்டைப் பார்த்திருக்கிறார்கள் அல்லவா, யோசித்துப் பார்த்தால் அருமையான ஊகம். புள்ளி பூச்சியம்.

டெஸ்ட் செய்கிறவரின் தலையில் அன்றைக்கு வேறு என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் எண்ணை மாற்றும். 2013ல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, நடந்தது தமிழ்நாட்டில். கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு அப்புறம்தான் மொத்தமாகக் காசு வரும். அதே விவசாயிக்கு, அறுவடைக்கு முன்னால் கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் ஒரு தடவையும், காசு வந்தபிறகு ஒரு தடவையும், வடிவங்களை வைத்துச் செய்கிற ரேவன் டெஸ்டைக் கொடுத்தார்கள். முன்னால் செய்ததைவிடப் பின்னால் செய்தது நன்றாக இருந்தது. ஆள் அதே ஆள். பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் லயத்தில் வளர்ந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது, கடைக் கணக்கு, சீட்டுக்காசு, பிள்ளையின் சப்பாத்து என்று மண்டைக்குள் ஒரு சந்தையே இரைந்துகொண்டிருக்கும்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்குகிற காரணங்களும் உண்டு. தாயின் உடம்பில் அயடின் கடுமையாகக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த நாட்டில் அயடின் குறைந்து கழுத்தில் கழலையோடு எத்தனை பாட்டிமாரைப் பார்த்திருப்போம். 1995ல் விற்கிற உப்புக்கெல்லாம் அயடின் கலக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, எந்த டியூசன் மாஸ்டரும் செய்ய முடியாத வேலையை ஒரு உப்புப் பக்கெட் செய்தது. ஆனால் சாப்பாடு? 2016ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் ஏறத்தாழ ஆறில் ஒருவர், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பள்ளிக்கூடமும் எண்ணைக் கூட்டும்: ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஐகியூ 1இல் இருந்து 5 புள்ளிவரை ஏறுகிறது என்று சொல்கிறது. ஜேம்ஸ் ஃபிளின் என்பவர் எண்பதுகளில் காட்டியது இன்னும் பெரிது, பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை, பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்று சராசரியே ஏறிக்கொண்டிருந்தது. பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, நிச்சயம் உண்டு. ஆனால் ஒரே தோட்டத்துக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வித்தியாசத்துக்குப் பரம்பரை காரணமாக இருக்கலாம் என்பதற்காக, தோட்டத்துக்கும் கொழும்புக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கும் அதுதான் காரணம் என்று தாவிவிட முடியாது. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாக இருப்பதைக் கிண்டலடிக்கிறவர்கள் இந்த வரியை இன்னொருமுறை படிக்கட்டும்.

இனி உயர்ந்த எண் கிடைத்தவர்களின் கதை. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற பேராசிரியர் 1921ல் தொடங்கி, பெரும்பாலும் 135க்கு மேல் எடுத்த பிள்ளைகளாகச் சுமார் 1,500 பேரைச் சேர்த்து, அவர்கள் வளர வளரக் கவனித்துக்கொண்டே வந்தார். பலர் பட்டதாரிகள், வக்கீல்கள், வைத்தியர்கள் ஆனார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள். நோபல் பரிசு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. டெஸ்டில் போதிய புள்ளி இல்லை என்று டெர்மனின் ஆட்கள் விட்டுவிட்ட இரண்டு பையன்களுக்குக் கிடைத்தது, வில்லியம் ஷொக்லிக்கு 1956லும் லூயிஸ் அல்வாரெசுக்கு 1968லும், இருவருக்கும் பௌதிகவியலுக்கு. இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள், எனக்கு அதற்கடுத்த பகுதிதான் முக்கியம். டிரான்சிஸ்டர் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான அந்த ஷொக்லி, தன்னுடைய கம்பனியில் கெட்டிக்கார இளைஞர்களைச் சேர்த்துவிட்டு அவர்களோடு ஒழுங்காக இருக்கத் தெரியாமல், எட்டுப் பேர் ஒன்றாக விலகிப் போனார்கள். பிற்காலத்தில் கறுப்பினத்தவருக்கு ஐகியூ பரம்பரையாகவே குறைவு என்றும், ஐகியூ குறைந்தவர்களுக்குக் காசு கொடுத்துக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றும் ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். ஐகியூ டெஸ்டில் தள்ளுபடியான மனிதர்! மூளை நிறைய இருந்தது, யாரும் மறுக்க முடியாது. அந்த மூளை அவரை முட்டாள்தனத்தில் இருந்து காப்பாற்றவில்லை.

கனடாவில் வேலை செய்த கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருஷம் ஆராய்ந்தார். மற்றவர்களின் பக்கச்சார்பு நமக்குப் பளிச்சென்று தெரியும், நம்முடையது தெரியாது. கெட்டிக்காரர்களுக்கு இந்தக் குருட்டுத்தனம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், குறைவாக இல்லை. ஆளைச் சேர்த்தால் காசு வரும் என்கிற பிரமிட் வியாபாரங்கள் மலைநாட்டு டவுன்களுக்கு வந்தபோது மாட்டிக்கொண்டவர்களில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஆள் இரட்டிப்பானால் எத்தனையாவது படியில் நாட்டின் சனத்தொகை முடிந்துபோகும் என்று ஒரு நிமிஷத்தில் கணக்குப் போடக்கூடியவர்கள்தான். அந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று தோன்றவில்லை. அதைவிட மோசம், சந்தேகப்பட்ட கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கு அது ஏன் பிழையாகப் போகாது என்று அழகாக விளக்கம் சொல்ல அவர்களுக்குத்தான் முடிந்தது.

பிள்ளைக்கு நேரே "நீ மூளைக்காரன்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் பற்றியும் ஒன்று. முல்லர், டுவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998ல் செய்தது, அதுவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம். ஒரு பகுதியினரைக் கெட்டிக்காரர் என்றும், இன்னொரு பகுதியினரை நன்றாக முயற்சி செய்தாய் என்றும் பாராட்டிவிட்டு, அடுத்துக் கஷ்டமான தாளைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். கெட்டிக்காரர் பட்டம் கிடைத்தவர்கள் லேசான கேள்விகளையே கூடுதலாகத் தேடினார்கள், தோற்றபிறகு முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள், சிலர் தங்கள் புள்ளியைக் கூட்டிப் பொய்யும் சொன்னார்கள். இங்கே பேனர் அடித்து மாலை போட்டு டவுன் பாடசாலைக்கு அனுப்பிவைக்கிற பிள்ளைகளில் சிலர் ஏழாம் தரத்தில் கையே தூக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். பிழையாகச் சொல்லிவிட்டால் பேனர் பொய்யாகிவிடும் அல்லவா.

உண்மையான டெஸ்ட் எப்போது வேண்டும் என்று கேட்டால் ஒரு பையனைக் காட்டுவேன். வாசிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாக நின்று வியர்த்துப்போவான், மக்கு என்று வகுப்பே முடிவு கட்டியிருந்தது, ஆனால் கேத்திரகணித உருவத்தைப் பலகையில் போட்டால் நான் கேட்டு முடிப்பதற்குள் கோணத்தைச் சொல்லிவிடுவான். முதலில் கண்ணைப் பரிசோதித்தார்கள், கண்ணில் ஒன்றுமில்லை. பிறகு கண்டிக்குக் கூட்டிப்போய் உளவியலாளரிடம் காட்டினார்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தனியாக உட்காரவைத்துச் செய்கிற வேலை அது, ஃபோனில் இருபது கேள்வி தட்டுவதல்ல. வடிவங்களில் மேலே, சொல்லி விளங்கவைப்பதில் மேலே, வேகத்திலும் ஞாபகத்தில் ஏந்துவதிலும் கீழே. வாசிப்புப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்து டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கல் என்று எழுதிக் கொடுத்தார்கள். பினே இருந்திருந்தால் இதற்குத்தான் செய்தேன் என்று சொல்லியிருப்பார். அந்த அறிக்கையிலும் எல்லாவற்றையும் சேர்த்த ஓர் எண் இருந்தது, உளவியலாளரே அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம், பகுதிகளைப் பாருங்கள் என்றாராம். இப்போது அவனுக்குக் கேள்வியை யாராவது வாசித்துக் காட்டுகிறோம், விடையை அவன் சொல்கிறான், தவணைப் பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுக்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கும் அப்படிக் கேட்கலாம், அதற்கான கடிதங்களை முன்கூட்டியே சேர்க்க வேண்டும் என்று அவனுடைய அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் இன்னும் இழுக்கிறது, அதை என்னைவிடத் தமிழ் டீச்சர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.